மங்குகிற பூச்சு

பெயின்ட் பூசிய மூன்று மாதிரிப் பலகைகளையும் மார்போடு அணைத்து, முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு பல்லுக்காரர் அறைக்குள் வந்தார். ஒவ்வொன்றும் ஒரு நோட்டுப் புத்தக அளவுதான். பூச்சில் விரல்ரேகை படியக்கூடாதென்று ஓரங்களை மட்டும் பிடித்திருந்ததால் நடை கோணிக்கொண்டு போனது.

கட்டிலில் சாய்ந்திருந்த மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னங்க, பிறந்த குழந்தைய ஆஸ்பத்திரியிலேர்ந்து தூக்கிட்டு வர்ற மாதிரி வர்றீங்க."

"கீழ போட்டா உன் தின்னர் என்னைச் சும்மா விடுவாரா?"

தின்னர் என்பது பெயின்டர். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் பெயின்ட் கரைக்கிற தின்னரின் வாசனை அவரை விட்டுப் போகாது என்பதால் வந்த பெயர். தன்னைப் பெற்றவர்களே வைத்த பெயர் மாதிரி அவரும் அதற்கு 'ம்' என்று திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

அறையின் மூலையில் ஆக்சிஜன் இயந்திரம் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து வந்த குழாய் அவள் காதுகளைச் சுற்றி மூக்கில் முடிந்தது. வீங்கிய பாதங்கள் இரண்டு தலையணைகளின் மேல் இருந்தன. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில், இனி இதயம் மருந்துக்குக் கட்டுப்படாது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். இன்று வியாழன்.

பலகைகளை ஜன்னல் விளிம்பில் வரிசையாகச் சாய்த்து வைத்தார். மூன்றும் ஒரே நிறம். வெள்ளையில் ஒரு பொட்டு மஞ்சள் கலந்த நிறம். அவர் நாற்பது வருஷமாகப் பொய்ப்பல் செய்பவர். நோயாளியின் மற்றப் பற்களோடு ஒத்துப்பார்க்க அவரிடம் ஒரு மாதிரி அட்டை உண்டு, பதினாறு பற்கள் வரிசையாகக் கோத்தது. பெயின்ட் கடையின் நிற அட்டையை எல்லாம் ஒதுக்கிவிட்டு, தான் புதுப்பித்துக்கொண்டிருந்த படகுக்கான நிறத்தை அவள் அந்தப் பல் அட்டையிலிருந்துதான் எடுத்தாள். கடைக்காரர் ஒற்றைப் பல்லைக் கையில் வாங்கிக்கொண்டு முழித்த கதையை அவள் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பாள்.

"நிறம் முடிவாயிடுச்சு. இப்ப பூச்சு எதுன்னு சொல்லணும்" என்றாள். "முதல் பலகை வேண்டாம், எடுத்துடுங்க. அது ஜெல்கோட். படகு பிறந்தப்ப இருந்த அதே தோல்தான். ஆனா பழசு மேல பூசினா ஆரஞ்சுத் தோல் மாதிரி நிக்கும். தேய்ச்சுத் தேய்ச்சு மெருகேத்த ஒரு மாசம் ஆகும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒரு மாசம்லாம் முடியாது."

அவர் முதல் பலகையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். வைத்துவிட்டு உடனே நிமிரவில்லை.

"நடுவுல இருக்கறது ரெண்டு டப்பா. பெயின்ட் ஒண்ணு, அதுகூடக் கலக்கற ஹார்டனர் ஒண்ணு. கல்லு மாதிரி இறுகிடும். பத்து வருஷத்துக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்ங்கறாரு தின்னர். கடைசியில இருக்கறது ஒரே டப்பா. யாரு வேணாலும் பிரஷ்ஷ எடுத்துப் பூசலாம். ஆனா ரெண்டு வருஷத்துல மங்கிடும்." அவள் அவரைப் பார்த்தாள். "எது நல்லா இருக்கு?"

"உன் இஷ்டம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வலி வந்துவிட்டதோ என்று குனிந்தார்.

"முப்பத்தொரு வருஷமா ஒரே பதில்" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "பொண்ணுக்குப் பேரு என்ன வைக்கலாம்? உன் இஷ்டம். வீட்டுல ஜன்னல் எந்தப் பக்கம்? உன் இஷ்டம். நான் வேலைய விட்டுடட்டுமான்னு ஒரு நாள் அழுதுக்கிட்டே கேட்டேன். அதுக்கும் அதேதான்."

"நீ சொன்னா சரியா இருக்கும்."

"சரியா இருக்கறத யாரு கேட்டா? உங்களுக்கு எது பிடிச்சிருக்குன்னுதான் கேக்கறேன். ஒரு தடவை கேட்டுட்டுப் போகணும்னு இருக்கு."

கடைசி வார்த்தைகளைக் காதில் வாங்காதவர் போலப் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தார்.

"மூணு மணிக்குத் தின்னர் வருவாரு" என்றாள். "செவ்வாய்க்கிழமை பிரைமர் அடிச்சது. சனிக்கிழமைக்குள்ள மேல்பூச்சு போடலைன்னா பிடிக்காது, மறுபடியும் மொத்தத்தையும் தேய்க்கணும். போய் நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. உன் இஷ்டம்னு மட்டும் வந்து நிக்காதீங்க."

வீட்டின் பின்பக்கம் தகரக் கொட்டகையில் படகு தலைகீழாகக் கவிழ்ந்து மர முட்டுகளின் மேல் கிடந்தது. பதினாறு அடி. நீர்த்தேக்க அலுவலகத்தின் பழைய ஃபைபர் படகு. அவள் அங்கே நீர்மட்டம் குறிக்கும் வேலையில் இருந்தாள். தினமும் காலையில் இந்தப் படகை ஓட்டிக்கொண்டு போய், தண்ணீருக்கு நடுவே நிற்கும் அளவுக் கம்பங்களைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவாள். எல்லோருக்கும் அவள் மீட்டரம்மா. முப்பது வருஷம். அவள் ஓய்வுபெற்ற அதே வருஷம் படகையும் கழித்துக்கட்டி ஏலத்தில் விட்டார்கள். 'ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்பிட்டாங்க' என்று சொல்லி அவளே எடுத்து வந்தாள்.

வந்தபோது கையை வைத்தால் வெள்ளை மாவு ஒட்டியது. மேல்தோல் முழுக்க வலை பின்னிய மாதிரி நுண்ணிய விரிசல்கள். இரண்டு வருஷமாக அவளும் தின்னரும் தேய்த்தார்கள், பட்டி பார்த்தார்கள், மறுபடி தேய்த்தார்கள். முகமூடியும் கண்ணாடியுமாக அவள் வெளியே வரும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். அவர் டீயை நீட்டிவிட்டு வாசலிலேயே நிற்பார். இப்போது படகு பிரைமரின் சாம்பல் நிறத்தில், எந்தப் பளபளப்பும் இல்லாமல், தோல் உரித்ததுபோல இருந்தது.

அவர் அதில் ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கிறார். கல்யாணமான முதல் வருஷம். அக்கரையில் ஒரு மணல்திட்டு இருக்கிறது, நாலு மரம், யாருமே வரமாட்டார்கள், வாங்க போகலாம் என்று அழைத்துப் போனாள். பாதி தூரத்தில் அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தி. அவள் படகைத் திருப்பினாள். கரைக்கு வந்ததும் தன் புடவைத் தலைப்பாலேயே அவர் முகத்தைத் துடைத்தாள். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவே இல்லை. அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அவளே கூப்பிடட்டும் என்று அவர் இருந்துவிட்டார்.

பல் பட்டறையிலிருந்து அணைக்கட்டுப் படித்துறைக்கு இருபது நிமிஷ நடை. பல வருஷங்கள், கையில் ஏதாவது ஒரு சாக்கோடு அங்கே போய் நின்றிருக்கிறார். மறந்து வைத்துவிட்டுப் போன குடை. சாப்பாட்டு டப்பா. சாக்கு கிடைக்காத நாளில் வெறுங்கையோடு. வெள்ளைப் படகு சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகும். அவள் முதுகு நேராக இருக்கும். முதல் கம்பம், இரண்டாவது கம்பம். அக்கரைப் பக்கம் போனதும் சில நிமிஷம் கண்ணுக்கே தெரியாது. அந்தச் சில நிமிஷங்களில் அவர் தண்ணீர் தொடும் படிவரை இறங்கிவிடுவார். எத்தனை வருஷமானாலும் அது மட்டும் மாறவில்லை. படகு மறுபடி பெரிதாகத் தொடங்கியதும், அவள் பார்ப்பதற்கு முன்பே அவசரமாகத் திரும்பி நடந்துவிடுவார்.

கொட்டகையில் அவர் படகின் மேல் உள்ளங்கையை வைத்தார். முன்பக்கம் ஒரு மேடு, கம்பத்தில் இடித்த இடம், மழை நாள். அதற்குக் கீழே நீளமாக ஒரு பட்டித் தடம், ஏலத்துக்கு முன் லாரியில் ஏற்றும்போது யாரோ உரசியது. அவள் சொல்லிக் கேட்ட இடங்கள் எல்லாம் அவர் கைக்குத் தெரிந்தன. பல்லில் தேய்மானம் பார்க்கும் விரல்கள் அவருடையவை. வாலில் இருந்து முன்பக்கம்வரை ஒரு சுற்று தடவிக்கொண்டே வந்தார். இரண்டாவது சுற்றும் வந்தார். எது பிடித்திருக்கிறது என்பது ஒரு கேள்வியாக அவரிடம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. முதலில் ஒன்றுமே தோன்றவில்லை. பிறகு தோன்றியது. தோன்றியதும் வேகமாக வீட்டுக்குள் நடந்தார்.

"ஒரு டப்பா" என்றார், வாசற்படியிலேயே.

அவள் கண்ணைத் திறந்தாள். "என்னது?"

"ஒரு டப்பா பெயின்ட்தான் நல்லா இருக்கு."

"அது மங்கிடும்னு சொன்னேனே."

"மங்கட்டும்."

அவள் தலையணையில் ஏறி உட்காரப் பார்த்தாள். அவர் முதுகுக்குக் கை கொடுத்தார். "எதுக்கு அதுன்னு சொல்லுங்க பாப்போம். ரெண்டு வருஷம் உசுரக் குடுத்துத் தேய்ச்சிருக்கேன். கண்ணாடி மாதிரி நிக்க வேண்டாமா?"

"ரொம்பப் பளபளன்னு இருந்தா பொய்ப்பல்லு மாதிரி இருக்கும். நான் எந்தப் பல்லையும் முழுசா மெருகேத்த மாட்டேன். வயசானவங்க வாயில புதுப் பல்லு தனியா இளிக்கும்."

"என் படகு என்ன கிழவியா?"

"முப்பது வயசுக்கு மேல ஆச்சு."

"முப்பது ஒரு வயசா?" அவளுக்கு மூச்சு இரைத்தது, ஆனால் கண்கள் பளிச்சென்று இருந்தன. "சரி, அது ஒரு காரணம். இன்னொண்ணு?"

"ரெண்டு டப்பால ஒரு கீறல் விழுந்தா ஒட்டுப்போட்ட மாதிரி தனியாத் தெரியும். இது அப்படி இல்ல. அந்த இடத்துல மட்டும் ஒரு இழுப்பு இழுத்துடலாம்."

"அதுவும் தின்னர் சொன்னதுதான். உங்க காரணத்தச் சொல்லுங்க."

அவர் ஜன்னலில் இருந்த பலகையைக் கையில் எடுத்தார். இந்த முறை ஓரத்தைப் பிடிக்கவில்லை, கட்டைவிரல் நடுவிலேயே பதிந்தது.

"பத்து வருஷத்துக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்னா எப்படி" என்றார். "இதுன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாம பூசலாம்."

இயந்திரம் இரைந்துகொண்டே இருந்தது. நாம என்று சொன்னது அவருக்குச் சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் அதைத் திருத்தவில்லை. அவர் கையைத் தேடி எடுத்து, அதிலிருந்த பலகையோடு சேர்த்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இன்னும் ரெண்டு டப்பாதான்" என்றாள். "விட்டுக்குடுக்க மாட்டேன்."

"நானும் மாட்டேன்."

"அடேயப்பா." சிரித்தாள். பாதிச் சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. அவர் நெஞ்சைத் தடவிக்கொடுத்தார். அடங்கியதும் அவள் சோர்ந்து சாய்ந்தாள். "கொஞ்சம் தூங்கறேன். தின்னர் வந்தா எழுப்புங்க. பஞ்சாயத்தை அவர்கிட்டயே வைப்போம்." கண்ணை மூடியபிறகு, உதட்டோரம் இன்னும் அந்தச் சிரிப்போடு, "சரி போங்க, உங்க இஷ்டம்" என்றாள்.

தின்னர் மூன்றேகாலுக்கு வந்தார். வாசனை வீட்டுக்குள் போகக்கூடாதென்று எப்போதும் வாசலிலேயே நிற்பவர், அன்றும் அப்படியே நின்றார்.

"மீட்டரம்மா எப்படி இருக்காங்க?"

"தூங்கறா. எழுப்பச் சொல்லியிருக்கா. நில்லுங்க வர்றேன்."

உள்ளே போனவர் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. தின்னர் முதலில் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு முதல்முறையாக வீட்டுக்குள் வந்தார். பல்லுக்காரர் கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கில் குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அது சரியாகத்தான் இருந்தது.

அந்த இயந்திரத்தை யாரும் நிறுத்தவில்லை. வந்தவர்கள் அதன் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்திப் பேசினார்கள். மறுநாள் விடிந்து, வெளியூரிலிருந்து மகள் வந்து, அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோதுதான், "இது எதுக்குப்பா ஓடுது?" என்று கேட்டாள். அவளே போய் நிறுத்தினாள். வீடு சட்டென்று ரொம்பப் பெரிதானதுபோல இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் எல்லாம் முடிந்தது.

சனிக்கிழமை காலை பல்லுக்காரர் பழைய சட்டை போட்டுக்கொண்டு கொட்டகையில் நின்றார். தின்னரை அவர்தான் வரச் சொல்லியிருந்தார். தின்னர் இரண்டு டப்பாக்களையும் கீழே வைத்துவிட்டு, தயங்கி நின்றார். மகள் பின்னாலேயே வந்தாள்.

"அப்பா, இன்னைக்கேவா?"

"இன்னைக்கு விட்டா மறுபடி பூரா தேய்க்கணும்மா. அவ தேய்ச்சது போயிடும்."

அவர் டப்பாக்களைப் பார்த்தார். "இது ரெண்டு டப்பா பெயின்டாச்சே."

"ஆமா சார். போன வாரமே மீட்டரம்மா சொல்லிட்டாங்களே, இதுதான்னு."

"இது வேண்டாம். மூடியத் திறக்கலதானே? கடையில குடுத்துட்டு ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க. அதே நிறம்."

தின்னர் மகளைப் பார்த்தார். மகளின் குரல் கொஞ்சம் இறுகியது. "அம்மா என்கிட்டயும் போன்ல சொன்னாங்கப்பா. கண்ணாடி மாதிரி வரப்போகுது, வந்து உன் மூஞ்சிய அதுல பாருன்னு. அவங்க ஆசைப்பட்டதயாவது..."

"எனக்கு இது பிடிச்சிருக்கு" என்றார் அவர்.

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் மகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறந்ததிலிருந்து அவரிடமிருந்து அவள் கேட்டிராத வாக்கியம் அது.

"அம்மாகிட்ட இத சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"சண்டைக்கு வந்தா."

"நீங்க?"

"நானும் விடல."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே முகம் உடைந்தது. படகின் பக்கம் திரும்பி, அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். தின்னர் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனார்.

பதினொரு மணிக்கு வேலை தொடங்கியது. தின்னர் ரோலரால் ஒரு கையகலம் பூசிக்கொண்டே போக, பின்னாலேயே பல்லுக்காரர் அகலப் பிரஷ்ஷின் நுனியால் லேசாக நீவிக்கொண்டு வரவேண்டும். குமிழிகள் உடைந்து, கோடுகள் தாமாகவே சமமாகிவிடும். ஈர ஓரம் காய்வதற்குள் அடுத்தது வந்து சேர்ந்துவிட வேண்டும், நடுவில் நிற்கவே கூடாது. அதைச் சொல்லிவிட்டுத் தின்னர் சந்தேகமாக அவர் கையைப் பார்த்தார். இரண்டு முழம் போனபிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்.

"கை நல்லா இருக்கு சார். இவ்வளவு நாளா எங்க இருந்தீங்க?"

"வாசல்லதான்" என்றார் பல்லுக்காரர்.

மகள் கொட்டகைக்கு வெளியிலிருந்து குனிந்து, வெளிச்சம் விழும் கோணத்தில் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். "அங்க விட்டுட்டீங்கப்பா. கீழ. இன்னும் கீழ." அவர் முழங்காலிட்டுக் கீழே போனார். கம்பத்தில் இடித்த மேட்டின் மேல் பிரஷ் போனபோது அவர் கை மெதுவானது. "நிக்காதீங்க சார்" என்றார் தின்னர், மெல்ல. அவர் நிற்கவில்லை.

வால்பக்கம் முடிந்தபோது மணி ஒன்றே முக்கால். மூவரும் தள்ளி நின்று பார்த்தார்கள். ஈரத்தில் அதுவும் மினுமினுப்பாகத்தான் இருந்தது. கொட்டகைக் கதவின் வெளிச்சம் அதில் நீளமாகக் கிடந்தது. காய்ந்தால் அடங்கிவிடும் என்றார் தின்னர். சாயங்காலம்வரை தூசி மட்டும் படக்கூடாது, காற்றடித்தால் போச்சு, யாரையும் இந்தப் பக்கம் விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மகள் உள்ளே போய்ப் படுத்தாள்.

பல்லுக்காரர் குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து கொட்டகையைச் சுற்றிலும் மண்ணில் தெளித்தார். ஒரு குடம் போதவில்லை. மூன்று குடம் தெளித்தபிறகு கதவைச் சாத்தி, அதற்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். விரல் இடுக்குகளில் பல்லின் நிறம் ஒட்டியிருந்தது. துடைக்கவில்லை.

நாலு மணி வாக்கில் வெளிக்கதவு படாரென்று திறந்தது. மனைவியின் அண்ணன். இரண்டு நாள் பயணம், நேற்று தங்கையின் முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை. தோளில் பையோடு, முற்றத்தைக் கடந்து, காலடியில் புழுதி எழும்ப வேகமாக அவரை நோக்கி வந்தார். வாய் எதையோ சொல்லத் தொடங்கிக் கோணிக்கொண்டிருந்தது.

பல்லுக்காரர் எழுந்து கையை உயர்த்தினார்.

"மெதுவா வாங்க மச்சான்" என்றார். "இன்னும் காயல."

மச்சான் அப்படியே நின்றார். சாத்திய கதவையும், ஈர மண்ணையும், பல்லுக்காரரின் உயர்த்திய கையையும் பார்த்தார். பிறகு பையைத் தரையில் வைத்துவிட்டு, குனிந்து செருப்புகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரத்தில் ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து வந்தார்.